வரிசை மாறி வந்த ரத்தம்

உள்ளறையிலிருந்து மறுபடியும் ‘டிங்’ என்றது. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் ‘டிங்’.

அடுப்படியில் சூரை மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த செபஸ்தியான் கத்தியைக் கீழே வைத்தார்.

“எளா சுபி! உள்ள என்ன பூசையா நடக்கு? மணிய ஆட்டிக்கிட்டே இருக்க?”

“டெஸ்ட் பண்றேன்ப்பா. சும்மா இருங்க.”

“நான் சும்மாதான் இருக்கேன். உன் பெட்டிதான் இருக்க மாட்டேங்கு. மீனுக்குப் புளி கரைக்க ஆளில்ல, கம்ப்யூட்டருக்கு மணியடிக்க ஆளிருக்கு!”

வேறொரு நாளாக இருந்தால் சுபிதா இதற்குச் சுடச்சுட ஒரு பதில் கொடுத்திருப்பாள். அப்பாவும் மகளும் வாயால் மோதிக்கொள்வதுதான் போர்ட் பிளேரின் துறைமுகப் பகுதியான ஹேடோவில் அந்த வாடகை வீட்டின் பொழுதுபோக்கு. அன்று அவள் பதில் சொல்லவில்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவே கைபேசியை இடுக்கிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில், ஆஸ்பத்திரி வார்டிலிருந்து நர்ஸ் சூசைமேரி மூச்சு வாங்கப் பேசினாள்.

“சுபி, கேக்குதா? உன் ரத்ததான வெப் பக்கத்துல ஓ நெகட்டிவ்னு போட்டிருக்கிற ஆளை வரவழைச்சோம். குத்திப் பாத்தா பாசிட்டிவ். இங்க ஒரு பொண்ணு... லாங் ஐலண்டுல இருந்து போட்ல கொண்டு வந்திருக்காங்க. பிள்ள பிறந்தாச்சு, ரத்தம் நிக்கல. எங்ககிட்ட இருந்த ஒரே ஓ நெகட்டிவ் பாட்டிலும் ஏத்தியாச்சு. ஜல்தி பாத்துச் சொல்லு.”

“பாத்துட்டேதான்க்கா இருக்கேன். ஒரு நிமிஷம்.”

எட்டு வகை ரத்தம். எட்டு ‘டிங்’. ஒவ்வொரு மணிக்கும் ஒரு சின்னப் பெட்டி திரையில் குதித்து, ‘இந்த வகை வந்துவிட்டது, அதன் இடத்தில் வைத்துவிட்டேன்’ என்றது. முதலாவது முதலில் வந்தது. இரண்டாவது இரண்டாவதாக வந்தது. கடைசி, கடைசியாக வந்தது. ஒரு பிசகும் இல்லை.

“பக்கம் சரியாத்தான் இருக்குக்கா. எல்லாம் அததோட எடத்துல உக்காந்திருக்கு. நம்ம தீவுல பாதிப் பேருக்குத் தன் ரத்தம் என்னன்னே தெரியாது. அந்த ஆள் தப்பாச் சொல்லியிருப்பாரு. அடுத்த பேரைக் கூப்பிடுங்க.”

“நிச்சயமாத்தான் சொல்றியா?”

“நிச்சயமாக்கா.”

ஐயோ, அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா! ‘பார்க்கிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். ‘தெரியவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சுபிதாவுக்கு அந்தப் பக்கத்தின் மேல் இருந்தது வெறும் நம்பிக்கை இல்லை. அது அவளுடைய அம்மாவின் பெயரில் வைத்த விளக்கு. அந்த விளக்கில் கரி பிடிக்கும் என்று அவளால் எப்படி நினைக்க முடியும்?

சுபிதா பிறந்தது லிட்டில் அந்தமானில், ஹட்பேயில். குளச்சலிலிருந்து படகு எஞ்சின் பழுது பார்க்க வந்த செபஸ்தியான் அங்கேயே தங்கிவிட்டார். மனைவி லூர்தம்மாள் கருவாடு போட்டு விற்றாள். கடற்கரையை ஒட்டி வீடு. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நிலம் ஆடியது, பிறகு கடல் எழுந்து வந்தது. வீடு போயிற்று. எஞ்சின்கள் போயின. இடிந்த சுவருக்கு அடியில் லூர்தம்மாளின் தொடை நசுங்கிக் கிடந்தது.

போர்ட் பிளேருக்குக் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தபோது அவளுக்கு உயிர் இருந்தது. காலை எடுக்க வேண்டும், அதற்கு முன் ரத்தம் வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவெங்கும் மனிதர்கள். நிக்கோபாரிலிருந்து வந்தவர்கள், வங்காளிகள், தெலுங்கர்கள், தமிழர்கள். செபஸ்தியான் ஒரு காலில் மட்டும் செருப்போடு, தனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் கேட்டுக்கொண்டு ஓடினார். “பாயி, ஆப்கா கூன் கோன்சா? அண்ணே, உங்க ரத்தம் என்னது?” யாருக்கும் தெரியவில்லை. கொடுக்க மனமில்லாமல் இல்லை, தெரியவில்லை. எத்தனையோ பேர் கையை நீட்டினார்கள். சோதித்துச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லூர்தம்மாள் மகளின் விரலைப் பிடித்தபடி கண்ணை மூடினாள். சுபிதாவுக்கு அப்போது பத்தொன்பது வயது.

அந்த விரல்களில் இருந்து சூடு இறங்கியதை அவள் மறக்கவே இல்லை.

ஹேடோவில் ஒரு கப்பல் ஏஜென்டு ஆபீஸில் டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. துறைமுகத்துக் கிரேன்களின் இரைச்சலுக்கு நடுவே, தனக்குத் தானே வெப் பக்கம் எழுதக் கற்றுக்கொண்டாள். ஆசிரியர் யாரும் இல்லை. மெயின்லாந்திலிருந்து கப்பலில் வருகிறவர்களிடம் பென் டிரைவ் கொடுத்து அனுப்புவாள். அவர்கள் சென்னையில் பாடங்களை இறக்கிக் கொண்டுவருவார்கள். தீவில் இன்டர்நெட் என்பது வானத்தில் எங்கோ இருக்கிற ஒரு துணைக்கோளின் தயவு. மழை வந்தால் இல்லை. மழை நின்றாலும் பாதி இல்லை. அதனால் இங்கே கம்ப்யூட்டர் தெரிந்த எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. எதையும் ஒரு முறை இறக்கித் தன் கம்ப்யூட்டர் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள், பிறகு அங்கேயே திறந்து பார்ப்பார்கள். நெட்டில் போய்ப் பார்ப்பது பொறுமைக்கும் காசுக்கும் கேடு.

சுபிதா ரத்தம் கொடுப்பவர்களுக்கான பக்கத்தையும் அப்படித்தான் எழுதினாள். தன் பெட்டியில் எழுதி, தன் பெட்டியில் ஓட்டிப் பார்த்து, பென் டிரைவில் போட்டுச் சென்னையில் இருக்கும் சித்தி மகனுக்கு அனுப்பினாள். அவன் அதை நெட்டில் ஏற்றினான். கோயில், சர்ச், மசூதி, குருத்வாரா என்று எல்லா இடத்திலும் நின்று, வாரக்கணக்காகப் பெயரும் போன் நம்பரும் வாங்கியிருந்தாள். வகை தெரியாதவர்களை இழுத்துக்கொண்டு போய்ச் சோதிக்க வைத்தாள். இவ்வளவு செய்தவள் ஒன்றை மட்டும் செய்யவில்லை. நெட் வழியாக, மற்றவர்கள் பார்ப்பது போல, தன் பக்கத்தைத் தானே ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை.

மீன் குழம்பு கொதித்து இறங்கியது. செபஸ்தியான் தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, “தின்னுட்டு மணியடி” என்றார். அவள் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். போன் அடித்தது.

“சுபி!” சூசைமேரியின் குரல் உடைந்திருந்தது. “அடுத்த ஆளும் பாசிட்டிவ். பாம்பூஃபிளாட்ல இருந்து ஃபெர்ரி பிடிச்சு, மழையில நனைஞ்சு வந்தாரு பாவம், காத்தமுத்துன்னு ஒருத்தர். அவரே சொல்றாரு, நான் ஓ பாசிட்டிவ்னுதானே எழுதிக் குடுத்தேன், என்னை எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு.”

சுபிதாவின் கை தட்டிலேயே நின்றது.

“பரவால்ல சுபி, இன்னும் எத்தனையோ பேர் இருக்காங்க. ஓ நெகட்டிவ்ல இவ்வளவு பேரான்னு எனக்கே ஆச்சரியம். ஆண்டவர் கிருபை! கீழே இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருக்கு. இதுல யாரு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இருப்பாங்கன்னு மட்டும் சொல்லு, கூப்பிட்டுக்கிறேன்.”

“இவ்வளவு பேரா?”

“ஆமா. நூறு பேருக்கு மேல இருக்கும்.”

“அக்கா...” சுபிதா தட்டைத் தள்ளி வைத்தாள். “ஓ நெகட்டிவ் மூணு பேர்தான்க்கா. இந்தத் தீவு பூரா தேடி எனக்குக் கிடைச்சது மூணே பேர்தான்.”

மறுமுனையில், பின்னால் யாரோ ஒரு ஆண் குரல், “என்னங்க அக்கா, ஆள் கிடைச்சாங்களா? கிடைச்சாங்களாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அது அந்தப் பெண்ணின் கணவன் யோகராஜ் என்பது சுபிதாவுக்கு அப்போது தெரியாது. அந்தக் குரலை அவளால் இனி ஒரு நாளும் காதிலிருந்து எடுத்துப் போட முடியாது என்பதும் தெரியாது.

“போனை வைங்கக்கா. நானே கூப்பிட்டு அனுப்புறேன்.”

மூன்று பேரில் ஒருவர் மாற்றலாகி மெயின்லாந்து போய்விட்டார். இன்னொருவர் கப்பலில், கடலில். மூன்றாவது ஆள் பெரார்கஞ்சில் நெல் போட்டிருக்கும் ஆவுடையப்பன். போனை எடுத்தது அவர் மனைவி அமிர்தவல்லி.

“அவரு வயல்ல நிக்காரும்மா. என்ன சேதி?”

“அத்தை, ஒரு உயிர். ஓடிப்போய்க் கூப்பிடுங்க. சேத்தோட வந்தாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க.”

“ஏட்டி யம்மா! இதோ போறேன், இதோ போறேன்” என்று அவள் ஓடும் சத்தம் போனிலேயே கேட்டது.

சுபிதா நெட்டை இணைத்தாள். முதல் முறையாகத் தன் பக்கத்தைத் தூரத்திலிருந்து திறந்தாள். வெள்ளைத் திரை. மழை. காத்திருப்பு. பிறகு ஒவ்வொரு கட்டமாக நிரம்பியது. ‘ஓ நெகட்டிவ்’ என்ற தலைப்பின் கீழே காத்தமுத்துவும், அவருக்குக் கீழே நூறு பாசிட்டிவ்காரர்களும் வரிசையாக நின்றார்கள். ‘ஓ பாசிட்டிவ்’ என்ற தலைப்பின் கீழே மூன்றே மூன்று பெயர்கள். மூன்றாவது, ஆவுடையப்பன்.

“அப்பா!” என்று அவள் போட்ட சத்தத்தில் செபஸ்தியான் கரண்டியோடு ஓடி வந்தார்.

ஆவுடையப்பன் வந்துவிட்டார். பாவம், அந்த மனிதர் மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. முழங்கால் வரை சேறு, தலையில் துண்டு, யாருடைய பைக்கிலோ பின்னால் தொற்றிக்கொண்டு, வெளிச்சம் மங்கும் நேரத்தில் வந்து இறங்கினார். “எங்கம்மா படுக்கணும்?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

வராந்தாவில் யோகராஜைச் சுபிதா பார்த்தாள். மெலிந்த உடம்பு. சட்டையில் காய்ந்த ரத்தக் கறை, அது அவன் மனைவியுடையது. இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டக் குடியேறியவர்களின் பிள்ளை அவன். கச்சாலை அதே சுனாமி விழுங்கியபோது தாயையும் தகப்பனையும் அதற்குக் கொடுத்துவிட்டு, மனைவி விஜயகுமாரியின் ஊரான லாங் ஐலண்டுக்குப் போய்ப் பிழைத்தவன். விதி இன்னும் அவனிடம் கணக்கை முடிக்கவில்லை போலும்.

சேறு படிந்த ஆவுடையப்பனை உள்ளே அழைத்துப் போனதைப் பார்த்ததும், யோகராஜ் வந்து சுபிதாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“நீங்கதான் ஆளைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தீங்களாங்க? சூசைமேரி அக்கா சொன்னாங்க. தங்கச்சி, உங்களுக்கு... எனக்குச் சொல்லத் தெரியலீங்க. எங்க விஜயா பொழைச்சா, புள்ளைக்கு உங்க பேருதான்.”

சுபிதா வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வெளியே வரவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பை இன்னும் சூடாகத்தான் இருந்தது. சூசைமேரி அதை மார்போடு அணைத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினாள். ஓடியவள் வாசலில் நின்றாள். உள்ளே டாக்டர், கட்டிலின் மேல் குனிந்திருந்தவர், மெதுவாக நிமிர்ந்தார்.

வராந்தாவின் கோடியில், விஜயகுமாரியின் அக்கா வசந்தகுமாரியின் மடியில், துணியில் சுற்றிய ஒரு சின்னஞ்சிறு உயிர் பசிக்கு அழ ஆரம்பித்தது.

வெளியே வரும்போது சூசைமேரி சுபிதாவின் முழங்கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“நான் ஒண்ணும் கேக்கல. நீயும் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாத. புரியுதா?”

“அக்கா, மொத போன்லயே நான்...”

“சுப்! வாய மூடு. போன உசிர் வராது. உன்னையும் சேத்துக் கொல்லுவாங்க, அவ்வளவுதான். வீட்டுக்குப் போ.”

வீட்டுக்கு வந்தவள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சித்தி மகனுக்குப் போன் செய்து பக்கத்தை எடுத்துவிடச் சொன்னாள். அடுத்த நாள் ஆபீஸ் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. செபஸ்தியான் வைத்த தட்டு வைத்தபடி காய்ந்தது. அவள் அழவில்லை. அதுதான் அந்தத் தகப்பனைப் பயமுறுத்தியது. அழாமல், ஒரு பிணத்தைக் கீறிப் பார்க்கிறவளைப் போல, தான் எழுதிய வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதில் ஒரு லூப் இருந்தது, அதாவது ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை. ஒவ்வொரு ரத்த வகைக்கும் ஒரு ஸ்கிரிப்டை, அதாவது ஒரு சின்னக் கட்டளைக் கோப்பை, பக்கத்துக்குள் சேர்த்துவிடுவதுதான் அதன் வேலை. ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றும் தூரத்தில் இருக்கும் தன் பெயர்களைக் கூட்டிக்கொண்டு வரும். முதலில் வந்த பெயர்கள் முதல் கட்டத்தில், இரண்டாவதாக வந்தவை இரண்டாவது கட்டத்தில். இப்படித்தான் எழுதியிருந்தாள். ஒரு படகுத் துறையிலிருந்து எட்டு டிங்கிப் படகுகளை வரிசையாக அனுப்பிவிட்டு, அதே வரிசையில் திரும்பி வரும் என்று நம்பிக் கரையில் நிற்பது மாதிரி. பாரம் ஏற்றிய டிங்கி மெதுவாகத்தானே வரும்? பாரமில்லாதது அதை முந்திவிடாதா? ஓ பாசிட்டிவ்காரர்கள் நூறு பேரைச் சுமந்த ஸ்கிரிப்ட் வானத்து வழியில் தள்ளாடிக்கொண்டிருந்தபோது, மூன்றே பேரைச் சுமந்த நெகட்டிவ் ஸ்கிரிப்ட் ஓடி வந்து முதல் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. பின்னால் வந்த நூறு பேருக்கு இரண்டாவது கட்டம்.

அவள் பெட்டியில் இது நடக்கவே இல்லை. எல்லாம் பக்கத்திலேயே இருந்ததால் தூரமும் இல்லை, தாமதமும் இல்லை, முந்துவதும் இல்லை.

அன்று ‘டிங் டிங்’ என்று சோதித்தாளே, அதையே நெட் வழியாகச் செய்திருந்தால் பிழை தெரிந்திருக்குமா? அதையும் செய்து பார்த்தாள். நெட்டை இணைத்து, அந்த மணியடிக்கும் பெட்டிகளை லூப்புக்குள் வைத்து ஓட்டினாள். எல்லாம் சரியாக வந்தது. பெட்டிகளை எடுத்துவிட்டு ஓட்டினாள். மாறி வந்தது. வைத்தால் சரி. எடுத்தால் தப்பு. முதலில் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. பிறகு புரிந்தது. அந்தப் பெட்டி குதித்ததும், அவள் அதை அழுத்தி மூடும் வரை லூப் நின்று காத்திருக்கிறது. அந்த நிற்கும் நேரத்தில், பின்தங்கிய ஸ்கிரிப்ட் வந்து சேர்ந்துவிடுகிறது. அவள் சோதித்துப் பார்ப்பதாலேயே அது ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது. அவள் கண்ணை எடுத்ததும் தவறிப்போகிறது.

இதைப் புரிந்துகொண்டபோதுதான் அவள் அழுதாள். கதவுக்கு வெளியே செபஸ்தியான் தரையில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சரிசெய்ய அதிக நேரம் ஆகவில்லை. ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தான் எந்த வகை என்று தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வர வேண்டும். பக்கம் வரிசையைப் பார்க்கக் கூடாது, பெயரைப் பார்த்து இடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரு வார்த்தை. ஒரு மனுஷியின் உயிருக்கும் சாவுக்கும் நடுவே இருந்தது அவ்வளவுதான்.

நெட்டில் ஓட்டிப் பார்த்தாள். மழையில் பார்த்தாள், மழை விட்டும் பார்த்தாள். எப்படி வந்தாலும் அவரவர் இடத்தில் அவரவர் இருந்தார்கள். ஆனால் அந்தப் பக்கத்தை மறுபடி ஏற்றச் சொல்லிச் சித்தி மகனுக்குப் போன் செய்ய அவளுக்குக் கை வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் யோகராஜ் வந்தான்.

கதவைத் திறந்தது செபஸ்தியான். மொட்டையடித்த தலையும், கையில் ஒரு துணிப்பையுமாக நின்றவனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் முகம் வெளிறியது.

“வாங்க தம்பி... உள்ள வாங்க. சுபி! யாரு வந்திருக்கா பாரு.”

யோகராஜ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். பையைத் தரையில் வைத்தான். எலுமிச்சை. வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

“எங்க வீட்டு மரங்க. விஜயா வச்சது. இந்த வருஷந்தான் மொதக் காய்ப்பு. வெறுங்கையோட வரக் கூடாதுன்னு...”

சுபிதா வாசற்படியில் நின்றாள். உட்காரவில்லை.

“புள்ளை எப்படியிருக்குண்ணே?”

“இருக்குங்க. பொம்பளப் புள்ள. விஜயாவோட அக்காதான் பாத்துக்கிறாங்க. பால் பவுடர்தான் ஒத்துக்க மாட்டேங்குது. கக்குது.” அவன் கொஞ்சம் சிரிக்க முயன்றான். “உங்க பேருதான் வைக்கணும்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு வாயில நுழையல. சுபிதாங்கிறதை ‘சுவீட்டா’ங்கிறாங்க.”

செபஸ்தியான் மட்டும் ‘ஹெ’ என்று ஒரு சத்தம் எழுப்பினார்.

“நான் வந்தது வேற விஷயம் தங்கச்சி. எனக்கு என்ன ரத்தம்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு. இப்போ பாத்துட்டேன். பி பாசிட்டிவ்வாம். என் பேரையும் உங்க பக்கத்துல போட்டுக்கோங்க. எப்போ கூப்பிட்டாலும் போட் ஏறி வந்துருவேன். எங்க விஜயாவுக்கு ஆள் கிடைக்கலீங்க. நேரம் அவளுக்குச் சரியில்ல. வேற யாருக்காச்சும்...”

“நேரம் இல்லண்ணே.”

“மக்கா!” என்றார் செபஸ்தியான் அவசரமாக. “தம்பி, அது நெட்டு. மெயின்லாந்துல இருந்து வாற சிக்னல் அன்னைக்குச் சரியில்ல. மழைல்லா? உங்களுக்கே தெரியும், இந்தத் தீவுல என்னதான் ஒழுங்கா வருது? அரே, கப்பலே வர மாட்டேங்கு...”

“அப்பா, பேசாதீங்க.”

“எளா, நான் சொல்றதக் கேளு...”

“பேசாதீங்கப்பா!”

அப்படி ஒரு குரலை அவர் தன் மகளிடம் கேட்டதே இல்லை. லூர்தம்மாள் செத்த அன்றும் கேட்டதில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார்.

சுபிதா சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். தான் எழுதியதில் பிழை இருந்தது. அதனால் பெயர்கள் இடம் மாறி வந்தன. ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த இரண்டு பேரும் வர வேண்டியவர்களே இல்லை. ஆவுடையப்பன் தொடக்கத்திலிருந்தே அந்தப் பக்கத்தில் இருந்தார், வேறு தலைப்பின் கீழே.

யோகராஜ் கேட்டுக்கொண்டே இருந்தான்.

“அப்போ...” என்றான் கடைசியில். “மொத ஆளு வந்து, இல்லேன்னு ஆனதும் சூசைமேரி அக்கா உங்களுக்குப் போன் பண்ணாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“ஆமாண்ணே.”

“என்ன சொன்னீங்க?”

“சரியாத்தான் இருக்குன்னு சொன்னேன்.”

“அப்பவே அந்தப் பெரியவரைக் கூப்பிட்டிருந்தா?”

எத்தனை இரவுகள் இந்தக் கேள்வியைத் தனக்குத் தானே கேட்டிருப்பாள்! பொய் சொல்லி அவனுக்கு ஆறுதல் கொடுக்கலாம். பொய் சொல்லித் தன்னையும் காப்பாற்றிக்கொள்ளலாம். டாக்டருக்கே தெரியாத பதில் அது.

“பொழைச்சிருப்பாங்களான்னு எனக்குத் தெரியாதுண்ணே. ஆனா ரத்தம் நேரத்துக்கு வந்திருக்கும்.”

வெளியே துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பலில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். இரும்பு இரும்பில் மோதும் ஓசை. யோகராஜ் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கைகளால்தான் இவளுடைய கைகளைப் பிடித்து அன்று நன்றி சொன்னான்.

“அன்னைக்கு ஏன் சொல்லலீங்க?”

“வாய் வரல.”

“இன்னைக்கு மட்டும் எதுக்கு வந்துச்சு?”

“புள்ளைக்கு என் பேரை வைக்கிறேன்னு சொன்னீங்க. அதுக்கு மேல என்னால முடியலண்ணே.”

அவன் எழுந்தான். செபஸ்தியானும் எழுந்தார், கை தன்னையறியாமல் கும்பிட்டது.

“தம்பி, அடிக்கணும்னா என்னை அடிங்க. இவளுக்கு அம்மாவும் இல்ல. இவ அம்மா போனதும் இதே மாதிரிதான், ரத்தமில்லாம... அதுக்காகத்தான் இவ இதைப் பண்ணினா. கெட்டது நெனச்சுப் பண்ணல தம்பி.”

“தெரியுதுங்க ஐயா.” அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அந்த வீடு அதைத் தாங்கியிருக்கும். “கெட்டது நெனைக்கலேன்னு தெரியுது. நான் என்னத்தங்க பண்ணட்டும் அதை வச்சு?”

குனிந்து பையை எடுத்தான். ஒரு கணம் அதைத் திரும்ப வைத்துவிடுவானோ என்று தோன்றியது. வைக்கவில்லை. தோளில் மாட்டிக்கொண்டான்.

வாசலருகே போய் நின்றான். திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

“இப்ப சரியாயிருக்கா அது?”

“சரிபண்ணிட்டேன். இன்னும் ஏத்தல.”

“ஏத்திருங்க. யாருக்காவது வேணும்.” மூச்சை இழுத்துக்கொண்டான். “என் பேரையும் போடுங்க. ஆனா நீங்க போடாதீங்க. உங்க கையால வேணாம். சூசைமேரி அக்காவைப் போடச் சொல்லுங்க.”

தங்கச்சி என்ற சொல் வரவில்லை. சுபிதா தலையை ஆட்டினாள். அவன் அதைப் பார்க்கவில்லை.

“எங்க புள்ளைக்கு வேற பேரு பாத்துக்கிறோம்” என்றான்.

அறைந்து சாத்தியிருக்கலாம் அவன். தகப்பனும் மகளும் அதை எதிர்பார்த்து உடம்பைக் கல்லாக்கிக்கொண்டு நின்றார்கள். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டான். வெளியே போய்க் கதவைத் தன் பக்கம் இழுத்தான். உள்ளே யாரோ நோயாளி தூங்குகிற வீட்டில் சாத்துவது போல, சத்தமே வராமல், மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.